கலீல் பாய் வீட்டு அடுப்படிச் சுவர்

கச்சிராயபாளையம் கடைத்தெருவில் கலீலுல்லாவிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். மலையிலிருந்து இறங்குகிற புளியில் கொட்டை ஜாஸ்தி என்று சண்டை போடலாம். கடுக்காய் மூட்டையில் கல் கிடந்தது என்று குறை சொல்லலாம். தாடிக்கு அவர் போடுகிற மருதாணியைக்கூடக் கிண்டல் செய்யலாம், மனுஷன் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். அவர் வீட்டு அடுப்படிச் சுவர் கோணல் என்று மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது. இதுவரை திறந்தவர்கள் இரண்டு பேர். இருவரும் கைத்தொழில் தெரிந்த தச்சர்கள். இருவருக்கும் போட்டு வைத்த டீ குடிக்க ஆளில்லாமல் ஆறிப்போனது.

மூன்றாவதாக அந்த வீட்டுக்குள் கருவிப் பையோடு நுழைய வேண்டியவன் உமர் பாரூக். கள்ளக்குறிச்சியில் சின்னதாகக் கடை வைத்திருக்கிறான். அட்டைப்பெட்டிகளில் துண்டு துண்டாக வருகிற சமையலறை அலமாரிகளைப் பிரித்து, பூட்டி, சுவரோடு சேர்த்து நிறுத்திக் கொடுப்பது அவன் தொழில். கை சுத்தமான வேலைக்காரன்தான். ஏதாவது தப்பாகிவிட்டால் மட்டும் நாக்கு கொஞ்சம் வழுக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டீ ஆறிப்போவதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. கலீலுல்லாவின் மகள் ஜீனத்துன்னிசாவைக் கட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் கவலை. உமரின் அம்மா முறைப்படி ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டாள். போன ஆள் கொண்டுவந்த பதில் வினோதமாக இருந்தது. பெங்களூரில் இருக்கிற மகன் தன் அம்மாவுக்கு என்று அனுப்பிய அலமாரிப் பெட்டிகள் பக்ரீத்திலிருந்து கூடத்தில் கிடக்கின்றன, வருகிற விருந்தாளிகள் அதன் மேல்தான் உட்காருகிறார்கள், பையன் வந்து அதை மாட்டிக் கொடுக்கட்டும், கையைப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம் என்று கலீலுல்லா சொல்லியிருந்தார். பெண் பார்க்கப் போய்ப் பஜ்ஜி தின்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். ட்ரில்லிங் மெஷினோடு போகிறவன் இவன் ஒருவன்தான்.

ஜீனத்தை அவன் பார்த்தது கல்வராயன் மலைமேல். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவள் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருக்கிறாள். தினமும் காலை பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, சாயங்காலம் இறங்குவாள். அந்த மருந்து அறைக்கு அலமாரி மாட்ட உமர் போயிருந்தான். மாட்டி முடித்துக் கை துடைக்கும்போது, அவள் ஓர் இருமல் மருந்து பாட்டிலை அலமாரித் தட்டில் படுக்கப் போட்டாள். அது மெல்ல உருண்டு ஓரத்துக்கு வந்து நின்றது. இது ஏன் உருளுகிறது என்று கேட்டாள். தரை கோணலாக இருக்கிறது என்று உமர் சட்டென்று சொல்லிவிட்டான். உண்மையில் தரையில் ஒரு குறையும் இல்லை, அலமாரியின் ஒரு காலை அவன் சரியாக முடுக்கவில்லை. அவள் தரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ஓர் அட்டையை மடித்து அந்தக் காலுக்கடியில் செருகினாள். மலையிலிருந்து இறங்குகிற வழியெல்லாம் உமருக்கு அந்தப் பார்வைதான் ஞாபகம். அன்றிலிருந்து பையனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கில் புறப்பட்டார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவன் தெய்வசிகாமணி, ரிஷிவந்தியத்துக்காரன், உமரின் கூட்டாளி. மரத்தைத் தொட்டுப் பார்த்தே ஈரம் சொல்லிவிடுவான். ஆனால் மனசில் பட்டது அடுத்த நொடி வாயில் வந்துவிடும். கோமுகி அணைப் பக்கம் பைக்கை நிறுத்தி, உமர் அவனிடம் கெஞ்சினான். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. கோணலாக இருந்தாலும், பாம்பு மாதிரி நெளிந்திருந்தாலும், பேசக் கூடாது. தெய்வசிகாமணி யோசித்தான். சத்தியம் செய்தால் தன்னால் காப்பாற்ற முடியாது, அதனால் வேலை முடிகிறவரை வாயில் நாலு திருகாணியைக் கவ்விக்கொண்டிருக்கிறேன் என்றான். அந்த யோசனை உமருக்குப் பிடித்திருந்தது.

வேறொரு சிக்கலும் இருந்தது. கலீலுல்லாவை எப்படிக் கூப்பிடுவது? கடைத்தெருவில் பார்த்தால் பாய். சம்பந்தம் பேசிவிட்டால் மாமா. பேசியும் பேசாமலும் இருக்கிற நிலையில் மாமா என்றால் அவசரக்குடுக்கை, பாய் என்றால் அந்நியம். வழி நெடுக இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போய், வாசலில் அவரைக் கண்டதும் இரண்டும் மறந்து ஸலாம் மட்டும் சொன்னான்.

காசிம் பீவி டீ கொண்டுவந்தாள். ஜீனத்தின் அம்மா அவள். முட்டிவலிக்காரி, நடையில் ஒரு பக்கம் சாய்வாள், பேச்சில் சாய மாட்டாள். டம்ளர் கையில் வந்ததும் உமர் ஊதாமல் குடித்தான். நாக்கு வெந்தாலும் பரவாயில்லை, இந்த வீட்டில் டீயை முதலில் முடித்துவிடுவது நல்லது. தெய்வசிகாமணி அதற்குள் திருகாணிகளை வாயில் போட்டிருந்தான். அவன் டம்ளர் பெட்டிமேல் அப்படியே நின்றது.

பெட்டிகளைப் பிரித்துப் பூட்டுகிற வேலை குதிரை வேகத்தில் நடந்தது. பலகைகள் சுத்தமாக அறுக்கப்பட்டிருந்தன, துளைகள் துளைகளோடு கூடின. கூடத்தில் ஒவ்வொரு பெட்டியாக எழுந்து நின்றதும் காசிம் பீவி கதவுகளைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து காய் நறுக்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து பழகியவளுக்கு, நின்றபடி எடுக்கிற உயரத்தில் மிளகாய்த்தூள் இருக்கப்போகிறது என்பது பெரிய விஷயம். அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு கலீலுல்லா உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்தது அலமாரியை அல்ல, உமரின் முகத்தை.

அடுப்படியில் ஜன்னல் மேற்கே பார்த்திருந்தது. அதற்குள் கல்வராயன் மலை நீலமாக உட்கார்ந்திருந்தது. அதற்கு எதிரே, கிழக்குப் பக்கச் சுவர்தான் பேர்பெற்ற அந்தச் சுவர். அதன் மறுபக்கம் ஓர் உள்ளறை. தெற்குச் சுவரும் கிழக்குச் சுவரும் சேர்கிற மூலையில் மூலைப் பெட்டியை வைத்து, அங்கிருந்து கிழக்குச் சுவரை ஒட்டி மற்றவற்றை வரிசையாக வாசல் வரைக்கும் கொண்டுவர வேண்டும். முதல் பெட்டி ஒட்டியது. இரண்டாவது பெட்டிக்குப் பின்னால் விரல் போனது. மூன்றாவதற்குப் பின்னால் கை போனது. வாசலுக்குப் பக்கத்துப் பெட்டி வைத்தபோது சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. ஒரு பூனை குட்டி போட்டுப் பால் கொடுக்கலாம்.

உமர் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தான். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தான். ரசமட்டத்தைச் சுவரில் சாத்தினான். சுவர் செங்குத்தாக நின்றது, பூச்சு வழவழப்பாக இருந்தது, ஒரு புடைப்பு இல்லை. ஆனால் மற்ற மூன்று சுவர்களோடு சேராமல் கதவு கொஞ்சம் திறந்த மாதிரி விலகி நின்றது. தெய்வசிகாமணியின் கன்னம் உள்ளேயிருந்து துடித்தது. கண்ணாலேயே அவன் கோணல் கோணல் என்று கத்திக்கொண்டிருந்தான்.

"இன்னா தம்பி," என்றார் கலீலுல்லா, "சுவரு எப்படி?"

உமர் ரசமட்டத்தைக் கீழே இறக்கினான். உண்மையைச் சொன்னால் ஜீனத் இல்லை. பொய் சொன்னால் அந்த இடைவெளியில் காலமெல்லாம் கரண்டி விழுந்துகொண்டிருக்கும், முட்டிவலிக்காரி குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டிருப்பாள். யோசிக்க நேரம் கேட்டிருக்கலாம். டேப்பைத் தேடுகிற மாதிரி வெளியே போயிருக்கலாம். அவன் நாக்குதான் காத்திருக்காதே, வழுக்கிவிட்டது.

"சுவரு நூலு புடிச்ச மாதிரி இருக்குதுங்க பாய். பலகதான் தப்பு. கம்பெனியில கோணலா அறுத்து அனுப்பிட்டானுங்க."

கலீலுல்லாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. நாற்காலியைவிட்டு எழுந்தார். காசிம் பீவியைக் கூப்பிட்டு, கேட்டியா, கேட்டியா என்றார். முன்னால் வந்த இரண்டு தச்சர்களையும் அவர்கள் இல்லாத இடத்தில் ஒரு பிடி பிடித்தார். தம்பிக்கு இன்னொரு டீ போடச் சொன்னார். காசிம் பீவி உமரை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. கத்திரிக்காயை வாங்கி வந்து நறுக்கும்போது உள்ளே புழு இருந்தால் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கலீலுல்லா போனை எடுத்தார். பெட்டியில் ஒட்டியிருந்த நம்பரைத் தேடிப் பிடித்து, கம்பெனிக்காரனைக் கூப்பிட்டார். எதிர்முனையில் இருந்த பெண் எந்த ஊர்க்காரியோ, தமிழை எண்ணி எண்ணிப் பேசினாள். இவர் எண்ணவில்லை. என் மகன் வேர்வை சிந்திச் சம்பாதிச்ச காசு, நீங்க கோணல் பலகை அனுப்புவீங்களா, இங்க நூலு புடிச்ச சுவரு நிக்குது, வேலை தெரிஞ்ச ஆளே சொல்றாரு என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி முழங்கினார். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டு, சென்னையிலிருந்து ஓர் ஆளை லேசர் மெஷினோடு அனுப்பி அலமாரியையும் சுவரையும் அளந்து பார்க்கச் சொல்வதாகவும், எந்த நாள் என்று சாயங்காலத்துக்குள் கூப்பிட்டுச் சொல்வதாகவும் சொன்னாள்.

"வரட்டும்," என்றார் கலீலுல்லா. "மெஷினோட வரட்டும். நல்லா அளக்கட்டும்."

உமரின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த மெஷின் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுகிற நாளில் இந்த வீட்டில் தன் பேர் என்ன ஆகும் என்று அவன் நினைத்துப் பார்த்தான். தெய்வசிகாமணி வாயிலிருந்த திருகாணிகளோடு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான், விசில் மாதிரி கேட்டது.

கலீலுல்லா இந்த வெற்றியைக் கடைத்தெருவுக்குச் சொல்ல வாசலுக்குப் போனார். அந்த நேரம் பார்த்து, தண்ணீர்க் குடத்தை எடுக்க ஜீனத் அடுப்படிக்குள் வந்தாள். கூடவே அம்மாவும் வந்து வாசலில் நின்றாள். ஜீனத் தலைமுக்காட்டைச் சரி செய்துகொண்டு, பெட்டி வரிசையின் ஓரத்தில் போய் நின்று அந்த இடைவெளிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு, உமரைப் பார்க்காமல், சுவரைப் பார்த்தே பேசினாள்.

"மலை மேல அன்னைக்குத் தரை மேல பழியப் போட்டீங்க. இன்னைக்குப் பலக மேல போட்டுட்டீங்க. நாளைக்கு நான் இந்த மாதிரி பக்கத்துல நின்னா, என் மேல போட மாட்டீங்கன்னு இன்னா நிச்சயம்?"

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். சாதாரணமாக, மருந்து எத்தனை வேளை சாப்பிட வேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னாள். உமருக்குக் காது மடல் சுட்டது. மூலைமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான். இந்தச் சுவர், இந்த அப்பா, இந்த லேசர் மெஷின் எல்லாம் அவனுக்குத் திடீரென்று சின்ன விஷயங்களாகிவிட்டன. பெண் கிடைக்கிறாளோ இல்லையோ, அவர் திரும்பி வந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது என்று முடிவு செய்தான். தெய்வசிகாமணிக்குச் சைகை காட்டினான். அவன் புரிந்துகொண்டு, ஓடுவதற்கு வசதியாக ட்ரில்லிங் மெஷினைப் பையில் வைத்தான்.

அதற்குள் பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லிவிட்டார்கள். கலீலுல்லா வந்து, இன்று தனக்குக் கால் வலிக்கிறது, பள்ளிக்குப் போகவில்லை, நீயும் இங்கேயே தொழுதுவிடு என்று உமரை உள்ளறைக்குக் கூட்டிப் போனார். சுவருக்கு மறுபக்கத்து அறை அது. சின்ன அறை, சிவப்புச் சிமெண்டுத் தரை, ஒரு ஜன்னல், ஒரு மூலையில் சுருட்டிய பாய்கள். அடுப்படிச் சுவரின் முதுகு இங்கே மேற்குச் சுவராக நின்றது. அதில் நெஞ்சு உயரத்தில் ஓரிடம் மட்டும் வெள்ளையடிக்காமல் விட்டிருந்தது. கை பட்டுப் பட்டு வழவழப்பான இடம் போலக் கறுத்திருந்தது.

வேலைக்குப் போகிற வீடுகளில் தொழுவதென்றால் உமருக்கு ஒரு பழக்கம் உண்டு. வீடுகள் தெருவைப் பார்த்துக் கட்டப்பட்டவை, தொழும்போது பார்க்க வேண்டிய மக்காவின் திசை, கிப்லா, தெருவுக்குக் கட்டுப்பட்டதில்லை. அதனால் எந்த வீட்டிலும் தொழுகை விரிப்பான முசல்லாவைச் சுவருக்கு நேராக விரிக்க முடியாது. தரை ஓடுகளின் கோட்டுக்குக் குறுக்கே, சாய்த்துத்தான் விரிக்க வேண்டும். அவன் சொந்த வீட்டிலேயே அப்படித்தான். இங்கேயும் கைப்பழக்கத்தில் நாலு விரல் வலது பக்கம் சாய்த்து விரித்தான்.

"சாய்க்காத தம்பி," என்றார் கலீலுல்லா. "இந்த வூட்ல நேராத்தான் போடணும். சுவத்த ஒட்டிப் போடு."

உமர் போனை எடுத்துக் கிப்லா திசை பார்த்தான். ஊசி ஆடி ஆடி நின்றது. நேராக அந்தச் சுவரைக் காட்டியது. ஒரு நூல் அளவுகூட விலகல் இல்லை. அவன் முசல்லாவைத் திருப்பி விரித்து, கலீலுல்லாவின் பக்கத்தில் நின்றான். தொழுது முடித்து ஸலாம் கொடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாய், ஒண்ணு சொல்லணும்," என்றான்.

"சொல்லு."

"நான் பொய் சொல்லிட்டேன். பலகையில ஒரு தப்பும் கெடையாது. கம்பெனிக்காரன் ஒழுங்காத்தான் அறுத்திருக்கான். உங்களுக்குப் பயந்துக்கினு அது மேல பழியப் போட்டுட்டேன்."

அறை வாசலில் காசிம் பீவியின் நிழல் விழுந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு நிழலும் இருந்தது. கலீலுல்லா தாடியைத் தடவினார். முன்னால் வந்த தச்சர்கள் விஷயத்தில் தாடியைத் தடவிய பிறகுதான் வாசலைக் காட்டினார் என்று ஊரில் சொல்வார்கள்.

"அப்ப சுவருதான் கோணலுன்றியா?"

"இல்லீங்க. இந்த வூட்ல நேரா நிக்கிறது இது ஒண்ணுதான். மத்த சுவரெல்லாம் தெருவப் பாத்து நிக்குது, இது கிப்லாவப் பாத்து நிக்குது. ஆனா அலமாரி தெருவப் பாத்துதான் நிக்கும் பாய், அதுக்கு வேற தெரியாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாண் வரும். அத நான் மறைக்க முடியாது. நீங்க போன்னா போயிடறேன்."

கலீலுல்லா போகச் சொல்லவில்லை. எழுந்துபோய், வெள்ளையடிக்காத அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார்.

அவருடைய அத்தாவுக்கு, பெற்ற அப்பாவுக்கு, சர்க்கரையில் கண் போய்விட்டது. மலைக்கும் ஊருக்கும் மூட்டை சுமந்து நடந்த மனுஷன், வீட்டுக்குள் சுவரைத் தடவி நடக்கும்படி ஆனது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். தொழ நிற்கும்போது மட்டும் யாராவது வந்து தோளைப் பிடித்துக் கிப்லா பக்கம் திருப்பி நிறுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு வேளையும். தோளைத் தொடும்போதெல்லாம் கிழவர் முகம் சுருங்கிப் போகும். அல்லாவுக்கு முன்னால் நிற்கக்கூட இன்னொருத்தன் கை வேண்டியிருக்கிறதே என்று ஒருநாள் சொன்னார். அந்த வருஷம்தான் கலீலுல்லா இந்த வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். கொத்தனாரைக் கூப்பிட்டு, இந்த ஒரு சுவரைத் திருப்பிக் கட்டு என்றார். கொத்தனார் சிரித்தான். அடுப்படி கெட்டுப்போகும் என்றான். கெட்டால் கெடட்டும் என்றார். வீடு முடிந்த நாளில் கிழவர் உள்ளே வந்து, சுவரைத் தொட்டு, தொட்ட கையை எடுத்துக் கட்டிக்கொண்டு தானாக நின்றார். கடைசி மூச்சு வரைக்கும் அவர் தோளை யாரும் தொடவில்லை.

"ஊர்ல இன்னா சொன்னானுங்க தெரியுமா? கலீல் வூட்டுச் சுவரு சாராயம் குடிச்சுக்கினு நிக்குதுன்னானுங்க," என்றார். "வெளக்கஞ் சொன்னா அத்தா கண்ணு போன கதைய டீக்கடையில வெச்சுப் பேசுவானுங்க. அதான் சொல்லல. கோணலுன்னு சொன்னவன வெளிய அனுப்பினேன்."

உமரும் எழுந்து நின்றான். தன் பயத்துக்காக இந்தச் சுவரைப் பற்றிப் பொய்யாகப் புகழ்ந்ததை நினைத்து வெட்கப்பட்டான். வெட்கத்தோடு சந்தோஷமும் வந்தது. இப்படிச் சுவர் கட்டுகிற வீட்டில் பெண் எடுக்கத் தான் ஆசைப்பட்டது தப்பில்லை என்று தோன்றியது.

"அந்த ஒரு சாண நான் பாத்துக்கறேன்," என்றான். "சுவத்துல ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன்."

உள்ளறையில் நடந்ததையெல்லாம் அடுப்படியில் நின்று திறந்த வாயோடு கேட்டுக்கொண்டிருந்த தெய்வசிகாமணி, திருகாணிகளை உள்ளங்கையில் துப்பி எண்ணிப் பார்த்தான், எல்லாம் இருந்தன. முன்னால் வந்த தச்சர்கள் அந்த இடைவெளியை ஒளிக்கப் பார்த்திருப்பார்கள், நாம் ஏன் ஒளிக்க வேண்டும் என்று உமர் அவனிடம் கேட்டான். வரிசையை மூலையோடு சேர்த்து நேராக நிறுத்தினார்கள். சுவரைத் தொடாமல் பெட்டிகளை ஒன்றோடொன்று முடுக்கி, தரையோடு இறுக்கினார்கள். மேல் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் வர வேண்டிய துண்டை, மீந்த பலகையில் எடுத்தார்கள். பென்சிலை ஒரு சின்னக் கட்டையோடு சேர்த்துப் பிடித்து, தெய்வசிகாமணி சுவரை ஒட்டி இழுத்துக்கொண்டே போனான். சுவர் போன வழி பலகையில் கோடாக விழுந்தது. கோட்டில் அறுத்து வைத்தபோது ஒரு பக்கம் ஒரு சாண் அகலம், மறுபக்கம் ஒன்றுமில்லாமல் கூர்ந்து, முந்தானை மடிப்பு மாதிரி உட்கார்ந்தது.

மேலே மூடியாகிவிட்டது. கீழே, பெட்டிகளுக்குப் பின்னால், வாசல் பக்கம் திறந்தபடி ஒரு நீளச் சந்து மிஞ்சியது. காசிம் பீவி அதற்கு முன்னால் வந்து நின்று பார்த்தாள். போய், கட்டிலுக்கடியில் இத்தனை வருஷமாக இடித்துக்கொண்டு கிடந்த விருந்துத் தட்டுகளை எடுத்து வந்தாள். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய வட்டத் தட்டுகள், எந்த அலமாரியிலும் நுழையாதவை. ஒன்றை நிமிர்த்திச் சந்துக்குள் தள்ளினாள். உருண்டு போய் நின்றது. அடுத்ததைத் தள்ளினாள். எல்லாம் போன பிறகும் இடம் இருந்தது.

"கோணலா இருந்தா இவ்ளோ வசதின்னா, அந்தக் காலத்துலயே இன்னொரு சுவத்தையும் திருப்பியிருக்கலாமே," என்றாள் புருஷனைப் பார்த்து. அந்தச் சுவரை அந்த வீட்டில் ஒருவர் கோணல் என்று சொல்லி, கலீலுல்லா சிரித்தது அதுதான் முதல் தடவை.

வேலை முடிந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மலைமேல் வெயில் சாய்ந்திருந்தது. ஜீனத் வந்தாள். கதவு கதவாகத் திறந்து மூடிக்கொண்டே போனாள். மருந்து அறையில் பாட்டிலைப் படுக்கப் போட்ட அதே கை. உமர் துணியால் கையைத் துடைப்பதுபோல் நின்றான், கை ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. வாசல் பக்கத்துக் கதவுக்கு வந்ததும் நின்றாள். பக்கத்துக் கதவோடு சேராமல் அது ஒரு நூல் இறங்கி நின்றது.

"இது ஏன் எறங்கி நிக்குது?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். கீல் சரியில்லை என்று சொல்லலாம். மரம் ஈரத்தில் ஊதியிருக்கும் என்று சொல்லலாம். தெய்வசிகாமணி பூட்டிய கதவு என்றுகூடச் சொல்லலாம், அவன் சண்டைக்கு வர மாட்டான். நாக்கு வழுக்கப் பார்த்தது. இந்தத் தடவை உமர் அதைப் பிடித்து நிறுத்தினான்.

"என் தப்புங்க. மேல் கீல்ல ஒரு சுத்து கம்மியா முடுக்கிட்டேன். அப்புறம், மலையில அந்த அலமாரிக் காலும் என் தப்புதான். தரை நல்லாத்தான் இருந்துச்சு."

திருப்புளியை எடுத்து முடுக்கினான். கதவு ஏறிப் பக்கத்துக் கதவோடு நேராக நின்றது. ஜீனத் அதை ஒருமுறை மூடித் திறந்து பார்த்தாள். உதட்டுக்குள் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை. போகிற போக்கில் அத்தாவின் காதருகே குனிந்து என்னவோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கலீலுல்லா தாடியைத் தடவினார். உமரின் கண் தானாக வாசலுக்குப் போனது.

அப்போது போன் அடித்தது. கம்பெனிக்காரர்கள். நாளைக்கே ஆள் லேசர் மெஷினோடு புறப்படுகிறார், விலாசம் சரிதானா என்று கேட்டார்கள். கலீலுல்லா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வேணாம்மா, யாரையும் அனுப்பாதீங்க. உங்க பலகையில ஒரு கொறையும் இல்ல. காலையில கத்தினதுக்கு மன்னிச்சுக்கோங்க." கொஞ்சம் நிறுத்தினார். உமரைப் பார்த்தார். "தப்பு எங்க பக்கந்தான். பொய் சொன்னது எங்க வூட்டு மாப்ள."

உமருக்குக் கையிலிருந்த திருப்புளி நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவன், நிமிரும்போது மாமா என்று சொல்லிவிட்டான். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. காசிம் பீவி இன்னொரு டீ போட அடுப்படிக்குள் போய், சர்க்கரை டப்பாவைக் குனியாமல் எடுத்தாள். தெய்வசிகாமணிக்குக் காலையில் வைத்த டீ மட்டும் கூடத்தில் ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது.